மாமாவின் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் எந்தக் காரைக் கட்டுவது?

அக்காவின் டொயோட்டா ஆர்ஏவி4 காரை, வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கும் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கட்டி இழுக்கக் கூடாது. இந்த ஒரு வரியை மாமாவுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. "வீட்டிலேயே நல்ல கார் நிக்குது மச்சான். ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்லை. இதை விட்டுட்டு இன்னொண்ணு வாங்கச் சொல்றியே" என்று டெக்சாஸிலிருந்து வீடியோ காலில் மல்லுக்கு நின்றார். நல்ல கார்தான், யார் இல்லை என்றது? ஆனால் நன்றாக ஓடுகிற காரெல்லாம் நன்றாக இழுபடும் என்று எழுதி வைக்கவில்லையே.

விஷயம் இதுதான். அக்கா வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன கையோடு செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார் ஹோம் வாங்கிவிட்டார். ஃபோர்டு ஈ-450 சேஸி மேல் கட்டியது. டிரைவர் சீட்டுக்கு மேலேயே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ரகம். அங்கே கிளாஸ் சி என்கிறார்கள். பஸ் உருவத்தில் இருப்பது ஏ, வேன் அளவில் அடங்குவது பி. நானோ பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கியர்பாக்ஸ் வேலை பார்த்தே தலை நரைத்தவன். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். சிக்கலான ஆட்டோமேட்டிக் பெட்டி வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவான். ஆனாலும் குடும்பத்தில் யார், எந்த நாட்டில் வண்டி வாங்கினாலும் கடைசியில் அந்தக் கேள்வி என் தலையில்தான் வந்து விழும்.

வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவருக்குப் பின்னால் இன்னொரு கார் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கேம்ப் கிரவுண்டில் போய் நின்றதும் வண்டிக்குத் தண்ணீர்க் குழாய், கரன்ட் ஒயர், கழிவுக் குழாய் என்று ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். சாய்வு பார்த்து மட்டம் சரிசெய்ய வேண்டும். அதற்கப்புறம் பால் தீர்ந்துபோச்சு என்றால், அத்தனையையும் கழற்றி, உள்ளே உருளுகிற பாத்திரங்களை எல்லாம் கட்டிவைத்து, வீட்டையே கடைக்கு ஓட்ட வேண்டும். மலைப்பாதை என்றால் இன்னும் மோசம். மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் குறுக்கே போகும் கோயிங்-டு-த-சன் ரோட்டின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே இல்லை. அக்கா பார்க்க ஆசைப்படுகிற இடமே அதுதான். ஆகவே கார் வேண்டும், சின்னதாக வேண்டும்.

இழுப்பதற்கு மூன்று வழி. காரை முழுசாக டிரெய்லரில் ஏற்றுவது ஒன்று. முன் சக்கரங்களை மட்டும் டாலி என்ற இரண்டு சக்கர வண்டியில் தூக்கி வைப்பது இன்னொன்று. நாலு சக்கரமும் தரையில் உருள, முன்னால் டோ பார் என்ற இழுவைக் கம்பியை மாட்டி அப்படியே இழுத்துப் போவது மூன்றாவது. மாமாவுக்கு மூன்றாவதுதான் வேண்டும். டிரெய்லரோ டாலியோ இருந்தால் கேம்ப் கிரவுண்டில் அதை நிறுத்தவும் இடம் தேட வேண்டும். டோ பாரை வண்டியின் பின்னாலேயே மடக்கி விட்டுவிடலாம்.

இங்கேதான் கியர்பாக்ஸ் வருகிறது. வழக்கமான ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் ஓர் ஆயில் பம்ப் இருக்கிறது. அதைச் சுற்றுவது இன்ஜின். சக்கரம் சுற்றுவதற்கும் அந்தப் பம்ப் சுற்றுவதற்கும் சம்பந்தமே கிடையாது. இன்ஜினை அணைத்துவிட்டு காரை இழுத்தால், சக்கரத்தோடு சேர்ந்து பெட்டியின் வெளிப்பக்க ஷாஃப்ட்டும் கியர்களும் சுற்றும். ஆயிலோ கீழே தட்டில் தூங்கும். மோட்டார் போடாமல் மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுமா? நியூட்ரலில் போட்டுவிட்டேனே என்பார்கள். நியூட்ரல் இன்ஜினிலிருந்து வரும் சக்தியைத்தான் துண்டிக்கும். சக்கரத்திலிருந்து வரும் சுழற்சியை அது ஒன்றும் செய்யாது.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். கிருஷ்ணகிரி தாண்டி நின்றுபோன ஒரு ஆட்டோமேட்டிக் காரை லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி, பெங்களூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்ஜினில் இருந்தது சின்னக் கோளாறுதான், சென்சார் மாற்றினால் போதும். மாற்றினோம், ஸ்டார்ட் ஆனது. டி-யில் போட்டால் வண்டி நகரவில்லை. ஆயில் தட்டைக் கழற்றினேன். ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு இறங்கியது. தட்டின் அடியில் உள்ள காந்தத்தில் இரும்புத்தூள் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பினியன்கள் ஓடும் பிளானட்டரி கியர்களைப் பிரித்துப் பார்த்தால் சின்னப் பினியன்களின் பின்கள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. ஒன்று பினியனோடு ஒட்டியேவிட்டது. புஷ்ஷைக் கையில் எடுத்தபோது வெண்கலப் பூச்சு தகடாக உரிந்து வந்தது. ரிப்பேர் பில்லைப் பார்த்து அந்த மனிதர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கயிறு எந்த விலை, பெட்டி எந்த விலை!

கியர் படிகளே இல்லாத சிவிடி வகை ஆட்டோமேட்டிக் என்றால் கதை வேறு, முடிவு ஒன்றுதான். இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட். ஆயில் அழுத்தம்தான் புல்லியை நெருக்கிப் பெல்ட்டைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் இல்லாமல் சுற்றவிட்டால் பெல்ட் வழுக்கிப் புல்லியின் முகத்தைக் கீறும். எலெக்ட்ரிக் காரில் மோட்டார் சக்கரத்தோடு நேரடியாகக் கோக்கப்பட்டிருக்கிறது. இழுத்தால் அது ஜெனரேட்டராக மாறிவிடும். டெஸ்லா கையேடு நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப் போ என்கிறது.

மேனுவலாவது பத்திரமா என்றால், பெரும்பாலும் ஆமாம், எல்லாவற்றிலும் இல்லை. முன்சக்கர டிரைவ் மேனுவலில், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் பெரிய பல்சக்கரம் அதே பெட்டிக்குள், அதே ஆயிலில் பாதி முங்கிக் கிடக்கும். சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றி ஆயிலை வாரி இறைக்கும். பின்சக்கர டிரைவ் பெட்டிகள் பலவற்றில் ஆயிலை வாரி இறைப்பது கீழே இருக்கும் கவுன்டர் ஷாஃப்ட். நியூட்ரலில் இன்ஜின் அணைந்திருந்தால் அது சுற்றாது. மேலே மெயின் ஷாஃப்ட் மட்டும் காய்ந்தபடி சுற்றும். "மேனுவல்னா போதும்" என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால் நம்பாதீர்கள்.

நம்ப வேண்டியது ஒன்றே ஒன்றைத்தான்: அந்த மாடலின், அந்த வருடத்தின் ஓனர் மேனுவல். அமெரிக்கக் கையேடுகளில் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் இழுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கும். 'இழுக்கலாம், இப்படிச் செய்' என்று இருக்கும். அல்லது 'இழுக்காதே' என்று இருக்கும். ஆர்ஏவி4 கையேட்டில் இழுக்காதே. போதுமா மாமா? போதவில்லை. அப்படியென்றால் டாலியில் ஏற்றுகிறேன் என்றார். அக்காவினுடையது ஆல் வீல் டிரைவ். முன் சக்கரத்தைத் தூக்கினாலும் பின் சக்கரம் தரையில் சுற்றி, முன், பின் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங்கைச் சுட்டுவிடும். டிரெய்லரில் ஏற்றுகிறேன் என்றார். சரி, கணக்குப் போடுவோம் என்றேன்.

ஈ-450 சேஸிக்கு வண்டியும் சுமையும் சேர்ந்து உச்ச எடை 14,500 பவுண்டு. பின்னால் இழுபடுவதையும் சேர்த்த மொத்தம் 22,000 பவுண்டு. கழித்தால் 7,500 பவுண்டு இழுக்கலாம் போலத் தெரியும், மாமாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். பின்னால் குனிந்து, இழுவையை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,268 கிலோ. இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. கார் ஏற்றும் டிரெய்லரே வெறுமையாக 2,000 பவுண்டு பக்கம் வரும். ஆர்ஏவி4 சுமார் 3,600. கூட்டிப் பார்த்தவர் "சரி, வேற கார் சொல்லு" என்று இறங்கி வந்தார். வந்த பாதையை நான் சொல்லிக் காட்டவில்லை. அக்கா சொல்லிக் காட்டிவிட்டாள்.

என் மனசுக்குப் பிடித்தது சுசுகி சமுராய். நம்ம மாருதி ஜிப்சிக்கு உடன்பிறப்பு. எடை ஒரு டன்னுக்குக் கீழே. கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் தனியாக நியூட்ரல் உண்டு. அதில் போட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் உறவே அறுந்துவிடும். மோட்டார் ஹோம்காரர்கள் ஒரு காலத்தில் இதைத் தேடித் தேடி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 1995-லேயே விற்பனை நின்றுவிட்டது. படத்தைப் பார்த்ததும் அக்கா, "இது நம்ம ஊர் போலீஸ் ஜிப்சிதானே? இதில் ஏறினால் நான் முதுகு டாக்டரிடம்தான் இறங்குவேன்" என்றாள். ஜிப்சியின் பின்சீட்டில் உட்கார்ந்து ஒசூர் போனவன் என்ற முறையில் என்னால் மறுக்க முடியவில்லை.

ஜீப் ரேங்லர்தான் அங்கே எங்கு பார்த்தாலும் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் போகிறதாம். காரணம் அதே டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல். ஆட்டோமேட்டிக் ரேங்லரில் அதை நியூட்ரலில் போட்டுவிட்டு மெயின் கியரைப் பார்க்கில் வைக்கச் சொல்கிறது கையேடு. பெட்டிக்குள் எதுவும் சுற்றாது. நம் ஊரில் மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் அந்தச் சின்ன லீவரில் நியூட்ரல் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். நாலு கதவு ரேங்லர் 1,900 கிலோவைத் தொடும். 5,000 பவுண்டுக்குள் அடங்கும்தான், ஆனால் பெட்ரோல் இன்ஜினில் மலை ஏறும்போது அத்தனை கிலோவும் தெரியும். விலையும் செகண்ட் ஹேண்டில்கூட இறங்க மாட்டேன் என்கிறது.

ஸ்மார்ட் ஃபார்டூ ரொம்பச் சின்னது, எடையும் 800 கிலோ சொச்சம். மோட்டார் ஹோம்காரர்கள் பலர் விரும்பி இழுப்பது. ஆனால் சீட் இரண்டே இரண்டு; பேரன் வந்தால் எங்கே உட்காருவான் என்றாள் அக்கா. மேனுவல் கியர் ஷெவர்லே ஸ்பார்க் ஒன்றும் பேச்சில் வந்தது. இங்கே பீட் என்ற பெயரில் ஓடியதே, அதுதான். எடை ஒரு டன், விலையும் கைக்கு அடக்கம். ஆனால் அக்காவுக்கு இடது முழங்கால் வலி, கிளட்ச்சை மிதிக்க முடியாது. கேம்ப் கிரவுண்டிலிருந்து கடைக்குப் போகப் போகிறவள் அவள்தான். ஓட்டப்போகிறவளுக்கு ஒத்துவராத காரை இழுத்துக்கொண்டு போய் என்ன செய்ய?

கடைசியில் வந்து நின்றது ஹோண்டா சிஆர்-வி. புதியது அல்ல, 2012 முதல் 2014 வரை வந்த மாடல். 2015-லிருந்து அதில் சிவிடி வைத்துவிட்டார்கள், அதோடு இழுக்கும் அனுமதியும் போச்சு. அதற்கு முந்தையதில் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பிளானட்டரி இருக்காது. மேனுவல் பெட்டியில் உள்ளதைப் போலவே பக்கத்தில் பக்கத்தில் ஷாஃப்டுகள், அதில் கியர்கள், நடுநடுவே கிளட்ச் பேக்குகள். இழுபடத் தாங்குவது அதனால்தான் என்பது என் ஊகம். கையேடு 'இழுக்கலாம்' என்கிறது, அது ஊகம் இல்லை. எடை 1,550 கிலோ வாக்கில். நான் நினைத்ததைவிடக் கனம்தான், ஆனாலும் ஹிட்ச் கணக்கில் தாராளமாக இடம் இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் தேடும்போது, ஏற்கெனவே மோட்டார் ஹோமுக்குப் பின்னால் போன வண்டி கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள் என்றேன். முன் பம்பருக்குக் கீழே இரண்டு கொக்கிகள் நீட்டிக்கொண்டிருந்தால் பேஸ் பிளேட் போட்டாயிற்று என்று அர்த்தம். சேஸியில் போல்ட் அடித்து மாட்டும் இந்த இரும்புதான் முழு இழுவையையும் தாங்குவது. புதிதாகப் போட பம்பரையே கழற்ற வேண்டும், கூலியும் கணிசம். அப்படிப்பட்ட வண்டியில் இன்னொரு சந்தேகமும் வரும்: பழைய சொந்தக்காரர் கையேட்டில் சொன்னபடி இழுத்தாரா? அதைக் கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பு மங்கியிருந்தால் பரவாயில்லை. கறுத்து, கருகல் வாடை வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பிரேக் விஷயத்தில்தான் மாமாவோடு இன்னொரு சுற்று. "மோட்டார் ஹோமுக்கு அவ்வளவு பெரிய பிரேக் இருக்கே" என்றார். அந்த பிரேக் 14,500 பவுண்டை நிறுத்தச் செய்தது. பின்னால் ஒன்றரை டன் தள்ளிக்கொண்டு வருவதை அதன் தலையில் கட்டக் கூடாது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் இழுத்தால் அதற்குத் தனி பிரேக் சட்டப்படியே வேண்டும். சில இடங்களில் அதைவிடக் குறைந்த எடைக்கே வேண்டும். இழுபடும் காரின் டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைக்கும் பெட்டி ஒன்று வருகிறது. முன் வண்டி பிரேக் அடித்ததும் இது ஒரு கையை நீட்டி பெடலை அழுத்தும். அதை செட் பண்ணுவதற்கு முன்னால், இன்ஜினை அணைத்துவிட்டு பெடலைப் பலமுறை மிதித்து, பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிட வேண்டும். இழுபடும்போது அந்தப் பெடல் கல்லாகத்தான் இருக்கும், பெட்டி பழக வேண்டியது அந்தப் பெடலுக்கு. ஒருவேளை ஹிட்ச் கழன்றால் தானாகப் பிரேக் போட வைக்கும் ஒயரும், இரண்டு பக்கப் பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம்.

இன்னும் இரண்டு சொன்னேன். டோ பார் கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும், மூன்று நாலு அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. மோட்டார் ஹோமின் ஹிட்ச் உயரமாக இருந்தால் இறக்கித் தரும் துண்டு கிடைக்கும். அடுத்தது, காரைக் கட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. பின்னால் தள்ளினால் காரின் முன் சக்கரங்கள் ஒரு பக்கம் ஒடிந்து திரும்பி, டோ பார் வளைந்துவிடும். பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன்பே வெளியேறும் வழி தெரிந்திருக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் இறங்கி, காரைக் கழற்றி, தனியாக ஓட்டித்தான் ஆக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு பெங்களூரில் யாரும் டிராவலர் கேம்பர் வேனுக்குப் பின்னால் ஆல்டோவைக் கட்டிக்கொண்டு கூர்க் கிளம்ப வேண்டாம். நம் சாலை விதிப்படி பழுதான வண்டியை அருகில் உள்ள பட்டறைக்கு இழுக்கலாம், பதிவு செய்த டிரெய்லரை இழுக்கலாம். நன்றாக ஓடுகிற காரை ஊர்சுற்ற இழுத்துப் போக இடமில்லை. ஆனால் பெட்டிக்குள் ஆயில் ஓடாத கதை இங்கேயும் அதேதான். உங்கள் ஆட்டோமேட்டிக், சிவிடி, ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார் ஒசூர் ரோட்டில் நின்றுபோனால் கயிறோடு ஓடிவரும் நல்லவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, முழுசாக ஏற்றிப் போகும் ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். காப்பீட்டில் பலருக்கு அது ஏற்கெனவே சேர்ந்தே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

மாமா போன வாரம் 2013 மாடல் ஒன்றைப் பிடித்துவிட்டார். பேஸ் பிளேட்டோடு, சாம்பல் நிறம். துணி வைத்து ஆயிலைப் பார்த்துப் படம் அனுப்பினார், சிவப்பு இருந்தது. கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதி அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். கியரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை கொண்டுபோய், டி-யில் ஐந்து விநாடி நிறுத்தி, அங்கிருந்து நியூட்ரல். ரிவர்ஸிலிருந்து நேராக நியூட்ரலுக்கு வரவே கூடாது. நியூட்ரலில் மூன்று நிமிடம் இன்ஜின் ஓட வேண்டும். அப்புறம் அணைத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை ஏசிசி என்ற நிலையில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து. வேகம் 65 மைலைத் தாண்டக் கூடாது. இதில் மூன்று நிமிடம் என்பது மாமாவின் அகராதியில் ஒரு நிமிடம். அதனால் அக்கா போனில் டைமர் வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறாளாம், மணி அடித்த பிறகுதான் சாவியை அவர் கையில் கொடுப்பாளாம். இன்ஜின் ஓடும்போது சாவி எப்படி உன் கையில் இருக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீ பிரேக் பெட்டி எது வாங்கணும்னு சொல்லு" என்றாள்.